மீன் கூடையும் தீர்மான நோட்டும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கடலோரக் குழுக்களின் சார்பில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டு வேலையிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் பேசு என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். மீன் விற்கிறவள். டீச்சர் பேச வேண்டியதை நான் பேசுறதான்னு கேட்டேன். "நீ உன் வீட்டுல செஞ்சதைச் சொல்லு, போதும்"னாங்க தலைவி அக்கா. சரி, செஞ்சதைச் சொல்றேன். தப்பா செஞ்சதையும் சேர்த்துத்தான் சொல்லணும், இல்லைன்னா பாதிக் கதைதான் வரும்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினார்களே, அப்போது என் மகன் மூன்றாம் வகுப்பு. பெரியவள் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் டச் போன் ஒன்றே ஒன்று. அது விடியற்காலையில் அவங்க அப்பாவோடு போட்டில் ஏறிக் கடலுக்குப் போய்விடும். டீச்சர் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவார். அது கடலில் போய் நிற்கும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, அதைப் பெரியவள் கொஞ்ச நாள் பார்த்தாள். சின்னவன் டி.வி. முன்னால் உட்காருவான், பார்ப்பது வேறு எதையோ. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்க, பத்தொன்பது மாதத்துக்கு மேல். மூன்றாவதில் விட்டவன் ஐந்தாவதில் போய் உட்கார்ந்தான்.

நான் அவனுக்குப் படிக்கத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டு இருந்தேன். அதுதான் விஷயம்.

2021இல், இரண்டாவது அலை கொஞ்சம் அடங்கின பிறகு, எங்க வீட்டுத் திண்ணையில் குழுக் கூட்டம் போட்டோம். தீர்மான நோட்டை எழுதி முடித்தோம். எனக்குப் பெருமை. "டேய், அத்தைங்களுக்குப் படிச்சுக் காட்டுடா"ன்னு அவன் கையில் கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தான். "இன்று கூடிய கூட்டத்தில் மருத்துவச் செலவுக்காக 5,000 ரூபாய் உள்கடன் கொடுக்க முடிவு செய்யப்பட்டது." எல்லாரும் "பரவாயில்லையே"ன்னாங்க. எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்தது. ஏன் என்றால், மருத்துவச் செலவு என்று நாங்கள் பேசினோமே தவிர நோட்டில் அப்படி எழுதவில்லை. "அவசரத் தேவை" என்றுதான் எழுதியிருந்தது. அவன் விரல் இருந்தது தேதி எழுதின வரியில். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கி, அதைப் படிக்கிற மாதிரி ஒப்பித்திருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி அவனை அடித்தேன். இந்த மேடையில் அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அடித்துவிட்டு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார வைத்தேன். ஒரு வாரம். அவனுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. ஒரு எழுத்தும் ஏறவில்லை. நான் மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிறவள். ராத்திரி எட்டு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எனக்கே எழுத்து ஆடும்.

வழி கிடைத்தது கடற்கரையில்தான். பள்ளிக்கூடம் இல்லையே என்று காலையில் என்கூட வருவான். நான் அன்னக்கூடையை இறக்கி, சங்கராவைக் கூறு கட்டி வைத்திருந்தேன். கூறு 150 ரூபாய். காரில் வந்த ஒரு அம்மா மூணு கூறை 400க்குக் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே இவன் சொல்றான்: "அம்மா, 50 ரூபா போகும். வேணாம். ரெண்டு கூறு 280ன்னு குடு." ஒன்பது பத்து வயதுப் பையன். விரல்கூட மடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சிலேட்டில் 150 பெருக்கல் 3 என்று எழுதிக் கொடுத்தேன். 153 என்று எழுதினான்.

எனக்குத் தலையே சுற்றியது. வாயில் கணக்கு இருக்கிறது, கையில் இல்லை. பின்னால் ஒரு டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவங்க சொன்னாங்க, இது உலகம் முழுக்க இருக்கிற விஷயம்தான், வெட்கப்பட வேண்டாம் என்று. பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு கடற்கரை நகரமாம். அங்கே தெருவில் தேங்காய் விற்கிற பிள்ளைகளைப் பார்த்து ஆராய்ச்சி பண்ணி 1985இல் எழுதியிருக்கிறார்கள். விற்கும்போது சரியாகச் சொல்லும் அதே கணக்கைக் காகிதத்தில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். நம்ம நாட்டிலும் கொல்கத்தா, டெல்லி மார்க்கெட்டுகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து, நோபல் பரிசு வாங்கின அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ எல்லாம் சேர்ந்து ஆராய்ச்சி செய்து 2025இல் வெளியிட்டார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்த பிள்ளைகள் கடைக்கணக்கில் தடுமாறினார்களாம். அப்போ ரெண்டு பக்கமும் ஒரு பாலம் குறைகிறது. மார்க்கெட்டில் கற்றது தானாக நோட்டுக்குப் போகாது, நோட்டில் கற்றது தானாக மார்க்கெட்டுக்கு வராது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, "வீட்டு வேலையிலேயே பிள்ளை எல்லாம் கத்துக்கும்"னு பேச்சுக்குச் சொல்லிடுவாங்க. கத்துக்காது. மாவு கரைத்த பிள்ளைக்கு மாவு கரைக்கத் தெரியும், அவ்வளவுதான். அதை வாயால் சொல்ல வைக்கணும், சொன்னதை எழுத வைக்கணும், எழுதினதை மறுநாள் அதே பிள்ளை படிக்கணும். நான் செய்தது இது மட்டும்தான். வேறு ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கூடையிலேயே ஒரு பக்கமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பேன். இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்க, மீன் வாடை போகாது. தேதி, மீன் பெயர், ஏலத்தில் எடுத்த விலை, எத்தனை கூறு, எவ்வளவுக்குப் போனது, மிச்சம் என்ன. முதல் வாரம் அவன் பெயர் எழுதமாட்டான். மீனை வரைவான். சுறா, இறால், நண்டு, நெத்திலி எல்லாம் அழகாக வரைந்து பக்கத்தில் விலை. நான் விட்டுவிட்டேன். வரைந்ததற்குக் கீழே நான் பெயரை எழுதினேன். மறுநாள் படத்தை மறைத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன். முதலில் படிச்சது "சுறா". ரெண்டு எழுத்து, அவனுக்குப் பிடித்த மீன். அப்புறம் "இறால்". ரெண்டிலும் "றா" வருகிறது என்று அவனே கண்டுபிடித்தான். நண்டுக்கு மூணு சுழி, மீனுக்கு ரெண்டு சுழி. இதை நான் சொன்னபோது, "நண்டுக்குக் காலு ஜாஸ்தி, அதான் சுழியும் ஜாஸ்தி"ன்னான். அப்படியே வைத்துக்கொள்ளடா என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்த ரெண்டில் அவனுக்குக் குழப்பம் இல்லை.

நெத்திலியில் கொம்பு, வஞ்சிரத்தில் ஞகர ஒற்று, கானாங்கெளுத்தி என்றால் எல்லாமே வந்துவிடும். எங்க கூடைதான் அவனுக்கு அரிச்சுவடி.

அடுத்தது பஸ் போர்டு. இப்போது நமக்கு டிக்கெட் இல்லாத பஸ் இருக்கிறது, விடியல் பயணம். அதில் போகும்போது போர்டு படிக்கிற போட்டி. கல்பாக்கம் சுலபம். செங்கல்பட்டு கொஞ்சம் கஷ்டம். திருக்கழுக்குன்றத்துக்குத்தான் மூன்று வாரம் ஆனது. அந்த ஒரு பெயரை ஒருத்தன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான் என்றால் தமிழில் அதற்கு மேல் அவனை மிரட்டுகிற வார்த்தை அதிகம் இல்லை. என் அம்மாவும் இப்படித்தான் கற்றார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தது இங்கே பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்களே, அந்தக் காலம். என் அம்மா அதில்தான் கையெழுத்துப் போடக் கற்றார்கள். பஸ் போர்டு படிக்கத் தெரிந்த பிறகுதான் தனியாகச் செங்கல்பட்டு போனார்கள். அதற்கு முன்னால் எந்த பஸ் என்று யாரையாவது கேட்க வேண்டும், கேட்கிற ஆள் எரிந்து விழுவான்.

கோலத்துக்கு வர்றேன். இதில் நம்ம எல்லாருமே கெட்டிக்காரிகள். நேர்ப்புள்ளி ஏழு வரிசை ஏழு வைத்தால் 49 புள்ளி, அது ஏழாம் வாய்ப்பாடு. ஊடுபுள்ளி ஏழில் ஆரம்பித்து நாலில் முடித்தால் எத்தனை புள்ளி? நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, ஆறு, அஞ்சு, நாலு. கூட்டினால் 37. நானும் இருபது வருஷமாக வைக்கிறேன், ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. என் பையன் கேட்டபிறகுதான் கூட்டினேன். நம்ம மாவட்டத்திலேயே தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் அவர் மனைவி ராணி சிரோமணியும் இந்தப் புள்ளிக் கோலத்தை வைத்தே 1970களில் கம்ப்யூட்டர் கணக்கு ஆராய்ச்சி எழுதினார்கள். நாம் காலையில் தண்ணீர் தெளித்துப் போட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போகிறோம்.

பையன் கோலம் போடறானான்னு பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். புள்ளி வைக்கட்டும், கை தேயாதுன்னு சொல்லிட்டேன்.

இப்போ பெரியவள் விஷயம். இதுதான் எனக்குப் பேசக் கஷ்டமான இடம்.

சின்னவனுக்கு நோட்டுப் போட்டு, அளக்க வைத்து, எழுத வைத்து, "பாருங்க என் பிள்ளை"ன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. அவனை அளக்கச் சொல்லி நாலுக்கு ஒன்று, எட்டுக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவள் ஒரு மூலையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்: "அவன் அளந்தா கணக்குப் பாடம். நான் அளந்தா சமையல். இல்லம்மா?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பத்தொன்பது மாதத்தில் அவளை நான் என்ன செய்து வைத்திருந்தேன்? மீன் ஆயுறது, தண்ணி பிடிக்கிறது, தம்பியைப் பார்த்துக்கிறது, துணி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 2021 செப்டம்பர் 1ஆம் தேதியே பள்ளிக்கூடம் திறந்தாச்சு. அவள் பத்தாம் வகுப்பு. நான் அவளை ரெண்டு வாரம் கழித்துத்தான் அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்று டீச்சரிடம் சொல்லச் சொன்னேன். உண்மை என்னவென்றால் அவள் போனால் வீடு நடக்காது என்று எனக்குப் பயம். உறவில் ஒரு அம்மா வந்து, "பள்ளிக்கூடமே இல்லாம இருந்துட்டா, இனிமே எதுக்கு, ஒரு இடம் இருக்கு"ன்னு பேச்சைப் போட்டுப் பார்த்தார்கள். நான் அன்றைக்கே "அவளுக்குப் பதினஞ்சு வயசு, வாயை மூடு"ன்னு சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். யோசித்தேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

அதனால்தான் சொல்றேன், வீட்டு வேலையில் பாடம் என்று பேசும்போது நம்ம பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கணும். வேலை வாங்குவதற்கு அது நல்ல சாக்கு ஆகிவிடும். என் வீட்டில் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். நோட்டில் ஒரு வரியும் ஏறவில்லை என்றால் அது பாடம் இல்லை, வெறும் வேலை. வெறும் வேலை என்றால் பையன் பெண் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி.

அவளுக்கு நான் கொடுத்த நோட்டு வேறு. குழுவின் கடன் லெட்ஜர். அதைப் பார்த்து ஒரு நாள் கேட்டாள், "நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா 10,000 ரூபாய்க்குப் பத்து மாசத்துல எவ்வளவும்மா?" நான் சட்டென்று 1,000 என்றேன். "இல்ல, நீ மாசாமாசம் அசல்ல ஆயிரம் கட்டறியே"ன்னு எழுதிக் காட்டினாள். முதல் மாதம் 100, அடுத்த மாதம் 9,000க்கு 90, அப்புறம் 80, 70 என்று கடைசி மாதம் 10. கூட்டினால் 550 ரூபாய். நான் இத்தனை வருஷம் கட்டினவள், இதை இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தத் தண்டலையும் எழுதுவோம்"ன்னா. ஊரடங்கில் நான் குழுவுக்குத் தெரியாமல் ஒரு தண்டல் வாங்கியிருந்தேன். இங்கே பல பேர் தலையைக் குனியறீங்க, பரவாயில்லை, நானும் அதே கட்சிதான். 10,000 என்று பேச்சு. 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் நூறு நாள் கட்டணும். அவள் எழுதினாள். கையில் வந்தது 8,500. கட்டினது 10,000. நூறு நாளைக்கு வட்டி 1,500. இதே 8,500 நம்ம குழுவில் வாங்கி, அசலே கட்டாமல் நூறு நாள் வைத்திருந்தாலும் மாதம் 85 ரூபாய் வீதம் சுமார் 283 ரூபாய்தான் வட்டி. அசல் கட்டக் கட்ட இன்னும் குறையும். நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்த கூட்டத்தில் நான் விஷயத்தைச் சொல்லி உள்கடன் வாங்கித் தண்டலை அடைத்தேன். திட்டு வாங்கினேன், சரியான திட்டு. அது தனிக் கதை.

அவள் இப்போது செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியில் பி.காம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. நான் அதைத் தொட்டால் அவள் எழுதிக் காட்டுவாள்.

மற்ற வீடுகளில் என்ன செய்யலாம் என்று கேட்டால், அவரவர் தொழிலைப் பார்த்தால் போதும். மாமல்லபுரத்தில் சிற்ப வேலை செய்கிறவர் வீட்டு அக்கா ஒருத்தி நம்ம கூட்டமைப்பில் இருக்கிறார். அவர் வீட்டில் கல்லில் நூல் பிடிக்கும்போது பையன் பக்கத்தில் நிற்பான். முகத்தின் நீளம் ஒரு தாளம். நவதாளம் என்றால் மொத்த உயரம் அதுபோல் ஒன்பது. ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அப்போ 108. உத்தம தசதாளத்துக்கு 124. இந்த அங்குலம் டேப்பில் இருக்கிற இஞ்சு இல்லை, சிலை உயரத்தைப் பொறுத்து மாறும். மூன்று அடிக் கல்லில் நவதாளம் என்றால் முகம் எத்தனை இஞ்சு? 36ஐ ஒன்பதால் வகுத்தால் நாலு. பின்னம், விகிதம் என்று ஆறாம் வகுப்பில் பயமுறுத்துகிறார்களே, அது இந்த வீட்டில் பல்லவர் காலத்திலிருந்து உளிச் சத்தத்தோடு கேட்டுக்கொண்டு இருக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற நம்ம உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை, 64 பிள்ளை வந்தால் எவ்வளவு? 3,200 கிராம், மூணு கிலோ 200. இதை நீங்க தினம் போடறீங்க. உங்க வீட்டுப் பிள்ளையைக் கேட்டிருக்கீங்களா?

இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற அக்கா ஒரு கூட்டத்தில் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்க பசங்களுக்கு நூறு செடி பேரு தெரியும், வளையைப் பார்த்து உள்ள என்ன இருக்குன்னு சொல்லும். பள்ளிக்கூடத்துல ஒண்ணும் தெரியாதவங்கன்னு பேரு." வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. பாம்புக்கடி மருந்து செய்வதற்கான விஷம் அங்கே எடுக்கிறார்கள். அந்த அறிவு இல்லாமல் அந்த மருந்து இல்லை. அந்தப் பிள்ளைகள் நூறு செடியின் பெயரைச் சொல்ல, யாராவது ஒருத்தர் கூட உட்கார்ந்து எழுத வைத்தால் அதுவே ஒரு புத்தகம். இதைக் கூட்டமைப்பு எடுத்துச் செய்யலாம் என்று மேடையில் இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கேட்டால்தான் மினிட்ஸில் ஏறும்.

எங்க பக்கம் தை, மாசி, பங்குனியில் ஆமை கரையேறி முட்டையிடும். பங்குனி ஆமை என்போம். ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவுக்கு இருக்கும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஆமைக்காரப் பிள்ளைகளும் வனத்துறையும் எடுத்துப் பாதுகாப்பாகப் புதைத்து வைப்பார்கள். காலண்டரில் வட்டம் போட்டு என் மகன் எண்ணிக்கொண்டே இருப்பான். மணல் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்று ஆகும் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. பதினாறு, முப்பத்தொன்று, பதினான்கு, கூட்டினால் 61 நாள். கையில் காசு இல்லாத நாள் என்பதால் அந்தக் கணக்கு மட்டும் வீட்டில் யாருக்கும் தப்பாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று சொல்லணும். ஈ.சி.ஆர். ரோட்டுப் பக்கம் சில வசதியான வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை எழுத வைப்பார்கள். அது அவங்களுக்கு. கூடவே உட்கார அம்மா இருக்கிறாள், புத்தகம் இருக்கிறது, பின்னால் பணம் இருக்கிறது. நமக்குப் பள்ளிக்கூடம் வேணும். அங்கே காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, சிநேகிதர்கள், வீட்டு வேலை இல்லாத ஏழு மணி நேரம். என் பெரியவளுக்கு அந்த ஏழு மணி நேரம் என்ன என்பதை நான் பறித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் சொல்கிற கூடை நோட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக இல்லை.

2021 அக்டோபர் 27ஆம் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அதுவும் நம்மைப் போல ஒரு கடலோரக் குப்பம்தான், இதே ரோட்டில் தெற்கே. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் சொல்லிக் கொடுக்கப் பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும், ஆறிலிருந்து எட்டுக்குப் பட்டம் வேணும் என்றார்கள். எங்க தெருவில் டிகிரி முடித்துச் சும்மா இருந்த மருமகள் ஒருத்தி சேர்ந்தாள். மாமியார் முதலில் விடவில்லை. நாங்க குழுவாகப் போய்ப் பேசினோம். இடம் என் திண்ணை. தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம். என் கூடை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அந்தப் பொண்ணு, மற்ற பிள்ளைகளையும் அவங்க அம்மாங்க தொழிலை எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். பூக்கட்டுகிற வீட்டிலிருந்து முழக் கணக்கு வந்தது. சங்கு மாலை கோக்கிற வீட்டிலிருந்து டஜன் கணக்கு. சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவின் மகள் கலவைக் கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள், ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு ஆறு. அவள் அம்மா திண்ணை ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு, "நான் பண்றது கணக்கா?"ன்னாங்க.

என் மகன் இப்போது ஒன்பதாவது. முதல் ரேங்க் எல்லாம் இல்லை, நடுவில் இருக்கிறான். இங்கிலீஷ் இன்னும் தகராறு. போன மாதம் குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை அவனிடம் மறுபடி கொடுத்தேன். விரல் வைக்கவில்லை. மெதுவாகப் படித்தான். நடுவில் நிறுத்தி, "அம்மா, இதுல 8 பேர் வந்தாங்கன்னு எழுதியிருக்கு, 11 கையெழுத்து இருக்கு"ன்னான். வராத மூன்று பேருக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. அந்த மூன்று பேரில் ரெண்டு பேர் இங்கேதான் உட்கார்ந்து சிரிக்கிறீங்க, பேர் சொல்லவில்லை.

எனக்கு நாலு மணி பஸ்.